இல்லறக் கொடுமையும் இக்காலப் புனைகதையும்

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை என்னும் ஊரில் மாணிக்கவாசகருக்குச் சிறு கோயில் ஒன்று உண்டு. திருவெம்பாவை அண்ணாமலையிற் பாடப்பெற்றதென்பது மரபு. அதன் 20 பாடல்களுள் ஒன்பதாவதில், சிவனடியாரே தம் கணவராவர் என்றும், அவர் சொல்லியவாறே பணி செய்வோம் என்றும் கன்னியர் உறுதி கூறுகின்றனர். அன்பரல்லாதான் கணவனாக வாய்த்தலாகாதெனப் பத்தொன்பதாம் பாடல் வேண்டுகின்றது. வேண்டியும் வாய்த்துவிட்டால் என் செய்வது? பாவைப் பாட்டு அதனைக் கூறவில்லை. கூறுதல் அதன் வேலையும் அன்று. அவ்வினாவை ஏற்றுக்கொண்டது புனைகதையே.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ (2018) 2020ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. பொறியியல் பயின்ற ரேவதி, பெற்றோர் விருப்பத்திற்கு மாறாக ஆட்டோ ஓட்டும் ரவியை மணக்கின்றாள். பின்னர்த் தீக்காயங்களுடன் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிற் கிடக்கின்றாள். அடித்த கையினும் மிகுதியாக, மருத்துவமனையிற் காத்திருப்போர் பேச்சையே நாம் கேட்கின்றோம். இதனைக் குறையென்றே முதலிற் கருதினோம். மீண்டும் படித்தபோது, அவள் துன்பத்தை அறிந்தும் வெளியே நின்ற சுற்றத்தாரின் இடத்தில் ஆசிரியர் நம்மை நிறுத்தியுள்ளமை புலனாயிற்று. ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகின்றது. கொடுமை, பொருந்தா மணத்தின் விளைவே எனப் படிப்போர் அமைதி கொள்ள இவ்வமைப்பு இடந்தரும். உறவுக்குள்ளேயே நிகழும் மணத்திலும் பெண் ஒடுங்குவதைக் காட்டும் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) அவ்வமைதியைக் குலைக்கும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்லால், பொருளால், மனத்தால் இழைக்கும் கொடுமையையும் வன்முறையென்றே வகுத்தது. திறனாய்வாளரோ இன்னும் அடியையும் தீயையுமே எண்ணிக்கொண்டிருக்கின்றோம்.

பாமாவின் ‘சங்கதி’ (1994) வேறொரு வழி செல்கின்றது. அதில் வரும் ராக்கம்மா, அடிக்க வரும் கணவனைத் தெருவறிய வசைபாடி விரட்டுகின்றாள். வாய்விட்டுக் கத்தியதனாலேயே அடிக்குத் தப்பினாள் என்பது அப்பகுதியின் உட்கிடை. உலைக்களத்திற் செய்த கருவியன்று. நாவே அவளுக்குப் படை. இடக்கரடக்கல் என்னும் பெயரால் அச்சொற்களை மென்மையாக்கி வகுப்பிற் பாடஞ்சொல்வோமாயின், அவள் கையிலிருந்த ஒரே காவலை நாமே பறித்தவராவோம்.