உறுமியும் ஆவேசமும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபாலைச் சுற்றியுள்ள சமவெளிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்கும், பின்னர் பால்மரம் சீவுவதற்கும் வந்து சேர்ந்த தமிழர்களின் சந்ததியார், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லும்போதும், தங்கள் ஊர்த் திருவிழாவிலும், உறுமி மேளம் இல்லாமல் காவடி எடுப்பது அபூர்வம். உறுமி அடித்தால் அருள் தானே வந்துவிடும் என்பது பாமர நம்பிக்கை. தாளம் மூளையைப் பிடித்து ஆட்டுகிறது, அவ்வளவுதான் என்பது படித்தவர்களின் சமாதானம். இரு சாராரும் வாத்தியத்துக்குத் தகுதிக்கு மீறிய சக்தியைக் கற்பிக்கின்றனர்.

தாளத்துக்கு மூளையில் விசேஷ இடமுண்டு என்பதில் சந்தேகமில்லை. அசையாமல் கிடந்து தாளத்தைக் கேட்பவரின் மூளையிலும், கைகால் அசைவுக்கு ஆயத்தம் செய்யும் பகுதிகள் விழித்துக்கொள்வதை ஆய்வாளர்கள் கிரானும் பிரெட்டும் 2007-இல் காட்டினர்; இசையில் மெய்சிலிர்க்கும் கட்டத்தில் மட்டுமன்றி, அது வரப்போகிறது என்று மனம் எதிர்பார்க்கும் க்ஷணத்திலேயே டோப்பமின் என்னும் மூளை இரசாயனம் சுரப்பதை, மாண்ட்ரியல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் வெளியிட்டனர். வளைந்த குச்சியால் ஒரு முகத்தைத் தேய்த்துத் தேய்த்து உறுமலை நீட்டி, மறுமுகத்தில் விழவேண்டிய அடியைச் சற்றே தாமதிக்கும் கலைஞன், இந்தச் சூட்சுமத்தைப் பரிசோதனைச் சாலையில் கற்றவனல்லன்.

ஆயினும் ஆவேசத்துக்கு அதுவே காரணமாகிவிடாது. கொட்டொலி மூளையின் மின்னலைகளைத் தன்வசப்படுத்துகிறது என்று 1960-களின் தொடக்கத்தில் ஆய்வாளர் நெஹர் வாதித்தார். அப்படியானால் ஆப்பிரிக்காவில் பாதிப்பேர் வருஷம் முழுவதும் ஆவேசத்திலேயே இருக்க வேண்டுமே என்று, பிரெஞ்சு இசையறிஞர் ரூஜே 1980-இல் வந்த தம் நூலில் பரிகசித்தார். அத்தனை தூரம் போவானேன்? ஒலிக்கு மிக அருகில் நிற்பவன் உறுமிக்காரன். அவனோ பெரும்பாலும் நிதானம் தவறுவதில்லை. விரதமிருந்து, நேர்ந்துகொண்டு, உற்றார் சூழ நிற்பவருக்கே அருள் வருகிறது. அவருடைய பாதங்களையே பார்த்துக்கொண்டு, அவை தளர்ந்தால் வேகத்தை இறக்கியும், துடித்தால் ஏற்றியும் வாசிக்கிறவன், ஆட்டுவிப்பவனா, ஆட்டத்துக்குக் கட்டுப்பட்டவனா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. இந்தப் பரஸ்பரத்தில்தான் இவ்வழக்கத்தின் மேன்மை இருக்கிறது என்பது என் துணிபு.

பாடுவதும் கொட்டுவதும் ஆடுவதும் வலி தாங்கும் எல்லையை உயர்த்துகின்றன, வெறுமனே கேட்பது உயர்த்துவதில்லை என்று ஆராய்ச்சியாளர் டன்பாரின் குழுவினர் 2012-இல் கண்டதும் இதற்கு அனுசரணையானதே. அலகு குத்தியவரைச் சுற்றி நின்று "வேல் வேல்" என்று முழங்குவோர் அந்த இசையில் பங்காளிகள். தண்ணீர்ப் பந்தலின் ஒலிபெருக்கியில் சினிமா மெட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பவர்களோ வெறும் கேட்பாளர்கள். ஒலிபெருக்கி எவர் பாதத்தையும் பார்ப்பதில்லை. பக்கத்தில் வாசிக்கப்படும் உறுமியையும் விழுங்கிவிடுகிறது. அதோடு போட்டியிட உறுமிக் குழுவினரும் ஓங்கி அடிக்கத் தொடங்க, நயமாக நீண்ட அந்த உறுமல் போய் வெறும் இரைச்சல் மிஞ்சுகிறது. இரைச்சல் காதுக்கும் கேடு: நூறு டெசிபெல் ஒலியை ஒரு நாளில் கால்மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார நிபுணர்களின் வரையறை. உட்செவியின் மயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. குழுவுக்கு ஒரே நிறத்தில் சட்டை தைத்துக் கொடுக்கும் பெரியவர்கள், விடிய விடிய அடிக்கும் பையன்களுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுப்பதையும் அந்தச் செலவோடு சேர்த்துக்கொள்ளலாம்.