காபூலில் ஒரு சக்கரப் பலகை

யுத்தத்தால் நலிந்த தேசங்களுக்குக் கோதுமையும் மருந்தும் கொண்டு செல்வது உலக வழக்கு. 2007-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியரான ஆலிவர் பெர்கோவிச் காபூலுக்குப் போனபோது கொண்டுபோனவையோ மூன்று ஸ்கேட்போர்டுகள், அதாவது ஏறி நின்று ஓட்டும் சக்கரப் பலகைகள். அவர் சேவை செய்யும் சங்கற்பத்தோடு போனவரும் அல்லர். தம் தோழிக்கு அந்நகரில் வேலை கிடைத்ததால் உடன் சென்று, தாமும் ஏதேனும் உத்தியோகம் தேடிக்கொண்டிருந்தவர். மெக்ரோரயான் குடியிருப்பில், சோவியத் காலத்தில் கட்டப்பெற்று நீர் வற்றிக் கிடந்த நீரூற்றுத் தொட்டியொன்றில் அவர் பலகை ஓட்டுவதைப் பார்த்து மொய்த்த சிறுவர்கள் தங்களுக்கும் கற்றுத்தர வேண்டுமென்று கேட்க, அதிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்கேட்டிஸ்தான் என்னும் ஸ்தாபனம். 2009 அக்டோபரில், ஆப்கானிய ஒலிம்பிக் சங்கம் அளித்த நிலத்தில் கூரையிட்ட மைதானமும் வகுப்பறைகளும் திறக்கப்பட்டன; பின்னர் மஸாரி ஷரீப், கம்போடியா, தென்னாப்பிரிக்கா என்று அதன் கிளைகள் பரவின.

பசித்த பிள்ளைக்குப் பலகை எதற்கு என்று கேட்பது நியாயமே. ஆனால் கேள்வி கேட்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காபூலில் பெண் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவதும் பட்டம் விடுவதும் தகாதவை என்று ஊர் முன்னமே தீர்மானித்து வைத்திருந்தது. ஸ்கேட்போர்டைப் பற்றி எந்தப் பெரியவருக்கும் எந்த அபிப்பிராயமும் இல்லை. ஒன்றை விலக்கி வைப்பதற்குக்கூட அது கொஞ்சம் பழக்கமானதாக இருக்க வேண்டுமல்லவா? அந்த அறியாமையின் இடைவெளியில் சிறுமியர் நுழைந்தார்கள். அவர்களுக்கெனத் தனி நாட்களும், பெண் பயிற்றுநர்களும், வீட்டிலிருந்து அழைத்துவர வாகனமும் ஏற்பாடு செய்து, தாய் தந்தையரின் சந்தேகத்திற்கு இடமளிக்காமல் நடந்துகொண்டது அந்த ஸ்தாபனத்தின் விவேகம்.

எவருக்கும் பழக்கமில்லாமை முதல் குணம் என்றால், இரண்டாவது குணம் இவ்விளையாட்டின் சுபாவத்திலேயே இருக்கிறது. பலகை மேல் முதன்முதலாக ஏறுகிறவன் நிற்க வேண்டுமானால், எதிரே நிற்பவர் அவனுடைய இரு கைகளையும் பற்றிக்கொள்ள வேண்டும். கைப்பிடி இன்றி முதல் பாடம் பெரும்பாலும் நடப்பதில்லை. நேற்றுக் கற்றவன் இன்று கற்பிக்கலாம். அதற்குப் பட்டமோ பல்லாண்டு அப்பியாசமோ வேண்டியதில்லை. விழுவது எல்லோருக்கும் பொது. செல்வன் விழுந்தாலும் வறியவன் விழுந்தாலும் சிமெண்டுத் தரை பக்ஷபாதம் காட்டுவதில்லை. மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டத்து ஜன்வார் கிராமத்தில், ஜெர்மனியரான உல்ரிக்கே ரைன்ஹார்ட் 2015-இல் அமைத்த மைதானத்தில், அதுவரை கலந்து பழகாத யாதவர் வீட்டுப் பிள்ளைகளும் ஆதிவாசிப் பிள்ளைகளும் ஒன்றாக விளையாடத் தொடங்கியதற்கு, உபதேசங்களைவிட இந்தக் கைப்பிடியே பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் அனுமானம்.

ஜன்வாரில் இரண்டு விதிகள் உண்டு: பள்ளிக்குப் போகாதவர்க்குப் பலகை இல்லை, பெண்களுக்கே முதலிடம். இரண்டாவது விதியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். முதல் விதியைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. பள்ளியில் ஆசிரியர் வராத நாளிலும், வயலில் அறுவடைக்குக் கை வேண்டிய நாளிலும் வராமல் போகும் பிள்ளையே மைதானத்தை மிகுதியும் நாடுகிறவன். அவனை வாசலில் நிறுத்திவிட்டு, ஏற்கெனவே பள்ளிக்குப் போகிறவனுக்குப் பரிசாகப் பலகையைக் கொடுப்பது எளிய வழி. காபூலிலோ இதற்கு நேர்மாறான முறை கையாளப்பட்டது. தெருவில் வியாபாரம் செய்து குடும்பத்தைக் காத்த, பள்ளி வாசலையே மிதித்தறியாத பிள்ளைகள் முதலில் பலகைக்காக வந்தார்கள். வந்தவர்களை வகுப்பறையில் உட்காரவைத்து, விரைவுப் பாடங்கள் நடத்தி, அரசாங்கப் பள்ளியில் சேர்க்கும் அளவுக்குத் தயார் செய்தார்கள். இவ்விரண்டில் காபூலின் முறையே சிறந்தது என்று நான் கருதுகிறேன். அதற்கு ஆகும் பொருளும் பொறுமையும் பன்மடங்கு என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

குறைகளுக்கு வருவோம். 2012 செப்டம்பரில், காபூலில் நேட்டோ படைத் தலைமையகத்தின் அருகே நடந்த தற்கொலைத் தாக்குதலில் ஸ்கேட்டிஸ்தானைச் சேர்ந்த நான்கு பிள்ளைகள் மாண்டார்கள். அந்த வட்டாரத்தில் அந்நியருக்குச் சில்லறைப் பொருள்கள் விற்றுப் பிழைத்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுள் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் ஸ்தானத்துக்கு உயர்ந்த சிறுமியும் ஒருத்தி. மைதானத்துக்குள் ஆசிரியையாக மதிக்கப்பட்டவள் மைதானத்துக்கு வெளியே தெரு வியாபாரியாகவே இருந்தாள் என்னும் உண்மை, இத்தகைய முயற்சிகளின் எல்லை எதுவென்று காட்டிவிடுகிறது. பலகை மதிப்பைத் தந்தது, ஜீவனத்தைத் தரவில்லை.

வேறொரு குறை, கண்ணுக்கு இனிமையானது. சிமெண்டுச் சரிவில் பறக்கும் சிறுமியைப் போலப் புகைப்படக்காரருக்குப் பிடித்த காட்சி வேறில்லை. காபூல் சிறுமியரைப் பற்றிக் கேரல் டைசிங்கர் எடுத்த குறும்படம் 2020-இல் ஆஸ்கார் பெற்றது. அப்படம் நல்ல படமே. எனினும் நன்கொடையாளரின் கண் பறக்கும் பெண்ணைத் தேடப் பழகிவிட்டால், பறக்காமல் ஓரத்தில் அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெண்ணுக்கு நிதி திரட்டுவது கடினமாகிவிடும். தூரதேசத்திலிருந்து வரும் தொண்டருக்கும் இதில் ஒரு சோதனை உண்டு. தம் வாழ்வுக்கு ஓர் அர்த்தம் தேடி வந்து, சில மாதங்கள் கற்பித்து, அர்த்தத்தைப் பெற்றுக்கொண்டு அவர் திரும்பிவிடலாம். திரும்பும் ஊர் இல்லாத பிள்ளைக்கு அந்த அர்த்தத்தில் பங்கு எவ்வளவு?

இதனால்தான் இம்முயற்சிகளை அளக்க எனக்கு ஒரே அளவுகோல் தோன்றுகிறது: கற்ற பிள்ளை கற்பிப்பவராக ஆனாரா என்பது. ஜன்வாரின் ஆஷா கோண்ட் 2018-இல் சீனத்தின் நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டிக்குச் சென்றார். போட்டிக்குப் போனதைவிட, ஊர் திரும்பித் தம் கிராமத்துக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பேற்றதே பெரிய செய்தி. காபூலிலும் அப்படிப்பட்ட பெண்கள் உருவானார்கள். 2021 ஜூலை 26 அன்று தோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்த பெண்கள் ஸ்கேட்போர்டுப் போட்டியில் 13 வயதுச் சிறுமியர் இருவர் தங்கமும் வெள்ளியும் பெற்றார்கள். அடுத்த மாதமே, ஆகஸ்ட் 15 அன்று, காபூல் தாலிபான்கள் வசமாயிற்று, சிறுமியரின் மைதானம் ஓய்ந்தது. அரசியல் கவிழ்த்ததற்கு விளையாட்டைப் பழிப்பது அநியாயம். ஆனால் காபூல் ஆசிரியைகளுடைய ஊதியமும் பாதுகாப்பும் அந்நிய நாணயத்தையும் அந்நியப் படையையும் நம்பியிருந்தன என்பதை மறைப்பதும் நியாயமன்று.

இன்று நம் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலகை ஏறுகிறார்கள். இனி எந்த ஊரிலாயினும் மைதானம் கட்ட எண்ணுகிறவர்கள், சிமெண்டுக்கு மதிப்பீடு போடும் அதே தாளில், அவ்வூரிலேயே பிறந்த இரண்டு பயிற்றுநர்களுக்குப் பத்தாண்டுச் சம்பளத்தையும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டுமென்ற நிபந்தனையையும் எழுதிக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பணம் போதாதென்றால் சரிவுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளட்டும்.