காபாலிகனின் கிண்ணம்: மறைவான குழுக்களும் நம் வரலாற்று நாவல்களும்

செஞ்சியை அடுத்த தளவானூர்க் குன்றில் பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் ஒன்று உண்டு. சத்துருமல்லன் என்னும் அவனது விருதுப்பெயரால் அது சத்துருமல்லேசுவராலயம் எனப்படும். முகப்பின் மகர தோரணத்தை வியப்போர் அவனைக் கலைப் புரவலனாக அறிவர். அவன் நாடகாசிரியனும் ஆவான். ‘மத்தவிலாசம்’ என்ற அவனது நகை நாடகத்தின் தலைவன் ஒரு காபாலிகன். 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் பதிப்பித்த பின்னரே அந்நூல் பரவலாக அறியப்பட்டது.

கதை எழுத விழையும் நம் மாணாக்கர் சிலர் மறைவான குழுக்களில் பெரிதும் நாட்டம் கொண்டுள்ளனர். எல்லாரும் அறிந்த குழுவினும் அதிகம் அறியப்படாத குழுவே கதைக்கு ஏற்றது என்பது அவர்தம் எண்ணம். எழுத்தாளனுக்கு அதில் தடையேதும் இல்லையாம். 1911இல் மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்ட நிகழ்ச்சிக்குப் பின்னிருந்த சங்கத்தைப் பற்றி எழுதுவோனை நீதிமன்றப் பதிவுகள் கட்டுப்படுத்தும். காபாலிகரைப் பற்றி எழுதுவோனை எது கட்டுப்படுத்தும்? அவர்தம் நூல் ஒன்றேனும் நமக்குக் கிட்டவில்லை. 1972இல் இப்பொருள் குறித்து விரிவான நூல் வெளியிட்ட டேவிட் லொரென்சன், அவர்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் அவர்களை எள்ளியோரும் எதிர்த்தோரும் எழுதியவை என்பதைத் தெளிவாக்கினார். தடையின்மை என்று இளைஞர் மகிழ்வது உண்மையில் மறுமொழி கூற எவரும் இல்லாமையே. இதை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது.

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை தொடராக வந்தது. மகேந்திரவர்மனையே கதைமாந்தனாக்கிய அப்பெருநாவலில், வாதாபிக்கு அருகே குகையில் வாழும் காபாலிகை ஒருத்தி வருகிறாள். அவளுடைய தோற்றமும் அச்சம், குகையும் அச்சம், காதலும் அச்சம். அவள் எதை நம்பினாள், எதற்காக அவ்வழியை மேற்கொண்டாள் என நாவல் ஆழ்ந்து வினவுவதில்லை. கதைக்கு இருள் தேவைப்பட்டது. காபாலிகம் அதைத் தந்தது. கல்கியின் நடையில் மயங்கி அப்பகுதிகளை ஒரே மூச்சில் படித்தவர்களுள் இவ்வெழுத்தாளனும் ஒருவன். எனினும் மயக்கம் வேறு, மதிப்பீடு வேறு.

அரசன் எழுதிய நாடகத்தை இதனருகே வைத்துப் பாருங்கள். சத்தியசோமன் என்னும் காபாலிகன் தேவசோமை என்னும் துணைவியுடன் காஞ்சித் தெருக்களில் குடித்துத் திரிகிறான். கையிலிருந்த கபாலக் கிண்ணம் காணாமற் போகிறது. பௌத்தத் துறவி நாகசேனன்மீது பழி சுமத்துகிறான். பாசுபதன் ஒருவன் நடுவனாக வருகிறான். முடிவில் நாய் ஒன்று கவ்விச் சென்ற கிண்ணத்தைப் பித்தன் ஒருவன் கொண்டு வருகிறான். காபாலிகன் குடிகாரனாகவே காட்டப்படுகிறான். இதை நேர்மையான சித்திரம் என நான் வாதிடேன். ஆயினும் பௌத்தனும் பாசுபதனும் அவனோடு சேர்ந்தே நகைப்புக்கு ஆளாகின்றனர். கிண்ணத்தை இழந்தபோது அவன் வெறும் பாத்திரத்துக்காகப் புலம்பவில்லை. கபாலம் இன்றித் தான் கபாலி அல்லன் என்று அஞ்சுகிறான். தன் நோன்பை இழந்த மனிதனின் கலக்கம் அந்த நகைப்பினூடே கேட்கிறது. ஏழாம் நூற்றாண்டு வேந்தன் தன் நகரத் தெருவில் கண்ட அயலானுக்குப் பேச்சைக் கொடுத்தான். இருபதாம் நூற்றாண்டு நாவல் அவனைக் குகைக்கு அனுப்பிவிட்டது.

காளாமுகர் செய்தி இன்னும் வியப்பானது. 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னில் அவர்கள் அச்சமூட்டும் துறவியராகத் தோன்றுகின்றனர். ஆனால் இவர்களுக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. கொடும்பாளூர் மூவர் கோயில் கல்வெட்டின்படி, பூதி விக்கிரமகேசரி காளாமுகத் துறவி மல்லிகார்ச்சுனருக்குப் பெருமடம் அமைத்து, ஐம்பது துறவியர் உண்பதற்காகப் பதினோர் ஊர்களை அளித்தான். நாவலில் கொடும்பாளூர்ப் பெரிய வேளாராக வருபவரும் இவரே! கன்னட நாட்டுப் பள்ளிகாவியில் இருந்த அவர்தம் கோடிய மடத்தை 1162ஆம் ஆண்டுக் கல்வெட்டு வேதமும் இலக்கணமும் பயிலும் இடமாகவும், வறியோர்க்கு உணவும் நோயாளர்க்கு மருந்தும் வழங்கும் இடமாகவும் வருணிக்கிறது. கொடையாளரின் புகழ்ச்சியை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அன்ன சாலையும் மருத்துவச் சாலையும் கதைக்குள் வராமல், சாம்பல் பூசிய உடல் மட்டும் வந்தது ஏன்?

இக்கேள்வி நம்மை வேறு எவரினும் அதிகமாகச் சுட வேண்டும். ஆதித் திருச்சபையும் ஒரு காலத்தில் அதிகம் அறியப்படாத மறைவான சங்கமாகவே கருதப்பட்டது. மினுக்கியஸ் பெலிக்ஸ் எழுதிய ‘ஒக்தாவியஸ்’ உரையாடலில், எதிர்வாதியான செசிலியஸ் ஊரார் வதந்தியை எடுத்துரைக்கிறான்: கிறிஸ்தவர் கழுதைத் தலையை வணங்குவராம், மாவினால் மூடிய குழந்தையைக் கொன்று உண்பராம். பித்தினியாவின் ஆளுநன் பிளினி ஏறக்குறைய கி.பி. 112இல் பேரரசன் திராயானுக்கு எழுதிய மடலில், அவர்கள் விடியுமுன் கூடிப் பாடுவதையும் சாதாரண உணவையே உண்பதையும் அறிந்ததாகக் கூறுகிறான். உண்மையை அறிய ஊழியக்காரிகள் எனப்பட்ட இரு அடிமைப் பெண்களை அவன் வதைத்தான். அவர்கள் சொன்னவற்றை அவன் எழுதவில்லை. மூடநம்பிக்கையன்றி வேறொன்றும் காணவில்லை என்று மட்டும் எழுதினான். அப்பெண்களின் பெயரும் நமக்கு இல்லை.

பிளினியின் மடலை வகுப்பில் படித்து வருந்தும் மாணாக்கன், மாலையில் எழுதும் நாடகத்தில் காபாலிகனைக் கொலைகாரனாக்குவானாயின், வதந்தியைக் கைமாற்றிய செசிலியஸினும் அவன் எவ்வகையில் மேம்பட்டவன்? கற்பனை கூடாது என்பதன்று என் வாதம். சான்று இல்லாத இடத்தில் கற்பனை நுழைந்தே தீரும். ஆனால் அது எப்போதும் கத்தியையும் குகையையும் நோக்கியே ஏன் ஓட வேண்டும்? கொடும்பாளூரில் ஐம்பது பேருக்கு நாள்தோறும் உலை வைத்தவர் யார், பதினோர் ஊர்களிலிருந்து நெல் வந்து சேராத ஆண்டில் அம்மடம் என்ன செய்தது, மதுவும் கபாலமும் ஏந்திய ஒருவனை அதே ஊர்த் தாய் தன் மகனென்று வாசலில் ஏற்றாளா என்று தொடங்கும் கதையை நான் இன்னும் படிக்கவில்லை. எழுதுவோர் முன்வரின் இவ்விதழில் அதற்கு இடம் கேட்டு நானே ஆசிரியரிடம் நிற்பேன்.