கண்ணாடிப் பெட்டிக்குள் வராதவர்கள்

இசைக்குழுக்களும் இசை மண்டபங்களும் தங்கள் வரலாற்றைத் தங்கள் சுவர்களுக்குள்ளேயே காட்சிக்கு வைப்பது மேற்கில் புதிதல்ல. நியூயோர்க் கார்னகி ஹோலில் 1991 முதல் அதற்கென ஒரு சிறு அருங்காட்சியகமே உண்டு. பழைய நிகழ்ச்சி நிரல், கடிதம், நடத்துனரின் கோல், மங்கிய புகைப்படம். நல்ல விடயந்தான். ஆனால் பெட்டிக்குள் வந்தவை எவை, வராதவை எவை என்று கேட்காமல் பாராட்டிவிட்டுப் போக எங்களால் முடியவில்லை.

சிட்னியையே எடுத்துக்கொள்வோம். இங்குள்ள சிம்பொனி 1932இல் வானொலிக்கான சிறு வாத்தியக்குழுவாகத் தொடங்கியது. 1947இல் அதன் தலைமை நடத்துனராக வந்த யூஜின் கூசன்ஸ்தான் நகருக்கு ஒரு தகுந்த இசை மண்டபம் வேண்டுமென்று விடாமல் வாதாடியவர். 1956இல் விமான நிலையச் சுங்கத்தில் அவரது பயணப் பொதிகளில் ஆபாசப் படங்கள் பிடிபட, தண்டம் கட்டி அவமானத்தோடு நாட்டைவிட்டுப் போனார். ஒபரா ஹவுஸை வரைந்த உட்சனும் 1966இல் விலகிப் போய், முடிந்த கட்டடத்தை ஒருநாளும் காணாமலே 2008இல் இறந்தார். இன்று கூசன்ஸுக்கு அங்கே மார்பளவுச் சிலை. உட்சன் பெயரில் ஓர் அறை. சிலை சமாதானம் சொல்லும், நடந்ததைச் சொல்லாது. அவரது கச்சேரி நிரலுக்குப் பக்கத்தில் அந்தச் சுங்க வழக்கின் தாளையும் வைத்தால்தான் அது வரலாறு.

1960 நவம்பரில் போல் றோப்சன் அங்கே கட்டட வேலையாட்களுக்குப் பாடினார். மண்டபம் எழுமுன்னரே நடந்த கச்சேரி, ரிக்கற் இல்லை. பாடியவரின் பெயர் நிலைத்துவிட்டது. கேட்டவர்களின் பெயர்? விருந்துப் படத்தில் சமைத்தவன் இருப்பதில்லை என்பது உணவகச் சமையலறையில் நிற்கும் எங்களுக்குத் தெரியாததல்ல.

வியன்னா பில்ஹார்மோனிக் நெடுங்காலம் மௌனமாயிருந்துவிட்டு, 2013இல் வரலாற்றாசிரியர்களின் ஆய்வைத் தானே வெளியிட்டது. 1942இல் 123 பேரில் 60 பேர் நாசிக் கட்சியினர். விரட்டப்பட்ட யூத வாத்தியக்காரரில் 5 பேர் முகாம்களில் இறந்தனர். உண்மையைச் சொன்னதால் அவர்களின் இசை ஒன்றும் கெட்டுவிடவில்லை.

இனி எங்கள் கதை. மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் நாதஸ்வரமும் தவிலும் எழும்போது, எங்களுடைய இசைக்குழு பெரிய மேளந்தானே என்று தோன்றும். மண்டபம் உண்டு, ஏடுதான் இல்லை. 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியை எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் இருந்து தாளம் போட்டவர் யார்? யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதைச் சொல்லி அழுகிறோம். அந்தக் குற்றம் மன்னிக்கக்கூடியதல்ல. ஆனால் எரிவதற்காவது மேளகாரரின் பெயர்களை எழுதி வைத்திருந்தோமா? வாசிப்பை வீட்டுக்குள் விட்டோம், சாதி பார்த்து வாசித்தவரை முற்றத்தில் நிறுத்தினோம். இதை எந்த இராணுவமும் செய்யவில்லை.

புலம்பெயர்ந்த ஊர்களில் கோயில் எழும்பினால் உபயகாரரின் பெயர் கல்லில் ஏறுகிறது. ஏறட்டும். பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கும் இடம் விட்டால் போதும். ஒரு திருவிழா நோட்டீஸ், ஒரு கசெற், யாராவது பொதிக்குள் கொண்டுவந்த ஒரு கலியாண அல்பம். படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் தவில்காரரைப் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய முதியவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களும் போனபிறகு பெட்டி செய்து பயனில்லை.