சாடியும் சட்டியும்

ஐப்பசி மழையில் கறிக்குழம்பு தின்பதைப் பற்றித் தமிழில் வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. அதை ஆக்குவதைப் பற்றி எழுதியது ரொம்பக் கம்மி. கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் வந்த உணவுக் கட்டுரைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பையன் அடுப்படி வாசலில் உட்கார்ந்திருப்பான். உள்ளே அம்மா அல்லது ஆச்சி. வெளியே மழை. மணம் வரும், பையனுக்கு எச்சில் ஊறும், கட்டுரை முடிவதற்குள் ஆச்சி செத்துப்போயிருப்பாள். அந்தக் கறி எத்தனை நேரம் வெந்தது, ஈர விறகை வைத்துக்கொண்டு அவள் என்ன பாடுபட்டாள், மூடியை எப்போது திறந்தாள் என்று கேட்டால் பதில் இருக்காது. தின்றவனின் ஞாபகம் இலக்கியமாகிவிட்டது. ஆக்கியவளின் கணக்கு விட்டுப்போச்சு.

இதை இப்போது கிளறுவதற்குக் காரணம் பியர். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். அங்கே கிராஃப்ட் பியர் வடிக்கும் சிறு சாலைகள் நிறைய. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது நாலு பாட்டிலோடு ‘பியரில் வேகவைத்த கறி’ என்ற யோசனையும் கூடவே வருகிறது. மூல வடிவம் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியைச் சேர்ந்தது. கார்பனாட் என்பார்கள். மாட்டுக்கறியை வறுத்து, வெங்காயத்தைப் பழுக்க வதக்கி, பழுப்பு பியரை ஊற்றி, கடுகு தடவிய ரொட்டித் துண்டை மேலே வைத்து மூடி, மணிக்கணக்கில் சிறுதீயில் விடுவது. அசையாத சூட்டில் கறியின் சவ்வு கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். பியரிலுள்ள முளைதானியத்தின் இனிப்பும் லேசான புளிப்பும் அதில் இறங்கும். அங்கே இலையுதிர் காலம் வந்தால் பெரிய சட்டிகள் இப்படித்தான் அடுப்பேறுகின்றன.

நம்ம ஊர்ச் சட்டியில் இதை ஏற்றினால்? ஒரு நண்பர் வீட்டில் ஆக்கிப் போட்டதைத் தின்றிருக்கிறேன். வெள்ளாட்டுத் தொடைக்கறி, சின்ன வெங்காயம், வரமிளகாய், நல்லெண்ணெய், வழக்கம்போலப் புளி, அதற்கு மேல் ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ. சுண்டச் சுண்டக் கசப்பு ஏறிக்கொண்டே போனது. புளியும் கசப்பும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன, கறி ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. சமையல் நடந்தது வீட்டு அடுப்பில் இல்லை, மொட்டை மாடியில் தனி அடுப்பு போட்டு. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தக் கசப்பைத் தின்றுகொண்டிருந்தபோது எனக்கு எழுந்தது ஒரு வாசகனின் கேள்வி. கறியையும் கள்ளையும் இவ்வளவு தாராளமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இலக்கியம் நம்முடையது. ஆனால் சாடியிலிருந்ததைச் சட்டிக்குள் ஊற்றியதாகப் பத்துப்பாட்டில் நான் படித்த அளவில் ஓரிடமும் இல்லை. புறநானூற்றில் பாரியின் பறம்பை விட்டுப் போகும்போது கபிலர் பழைய நாளை நினைக்கிறார். சாடி திறக்கிறது, கிடாய் விழுகிறது, ஊன்சோறு வேகிறது. எல்லாம் ஒரே மூச்சில், ஆனால் தனித்தனி வேலையாக. பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் நேராகவே இருக்கிறது. எயினர் வீட்டிலேயே வடித்த தோப்பியைக் குடிக்கிறார்கள், மன்றத்தில் எருதை அறுக்கிறார்கள். தோப்பி என்பது நெல்லில் வடித்த கள். இன்றைய பேச்சில் சொன்னால் வீட்டு பியரும் மாட்டுக்கறியும். ஃபிளாண்டர்ஸ்காரனின் இரண்டு முக்கியப் பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவன் செய்ததை எயினர் செய்யவில்லை.

விடை மலைபடுகடாமில் கிடைக்கிறது. மலையேறிப் போகும் கூத்தர்களுக்கு முதல் நாள் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன்கள்ளும் நறவும். மறுநாள் விடியலில் பழைய போதை தீர வேண்டும். அதற்கு ஒரு சாப்பாடு சொல்கிறார் பெருங்கௌசிகனார்: கடமான் கறி, முள்ளம்பன்றியின் கொழுத்த துண்டு, பெண் நாய் துரத்திப் பிடித்ததன் தசை, பலாக்கொட்டை. இதோடு புளியும் மோரும் கலந்த உலையில் மூங்கிலரிசிச் சோறு. சிறுபாணாற்றுப்படையில் எயிற்றியர் தருவதும் சூடான புளிச்சோறும் ஆமான் கறிச் சூடும்தான். பியர் ஃபிளாண்டர்ஸ் சட்டியில் செய்கிற வேலையை, அதாவது கொழுப்பை வெட்டுகிற புளிப்பை, இங்கே புளியும் மோரும் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன. கள்ளுக்குச் சட்டியில் வேலை இல்லை. அது ராத்திரிக்கு, புளி காலைக்கு. இந்தியாவிலேயே கோவாக்காரர்கள் தென்னங்கள்ளைக் காடியாக்கிப் பன்றிக்கறியில் ஊற்றுகிறார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் அங்கேயும் சட்டிக்குள் போவது புளித்து முடிந்த பிறகுதான், கள்ளாக இல்லை.

(நாய் என்றதும் ராஜபாளையத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். உட்காரட்டும். அந்த வெள்ளை வேட்டைநாயின் பெயரைச் சொன்னால் உலகத்துக்கு ஊரைத் தெரியும். அது துரத்திய பன்றியை எப்படி ஆக்கினார்கள் என்பது ஊருக்குள்ளேயே பாதிப் பேருக்குத் தெரியாது.)

பத்துப்பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த இரண்டு இடங்களை இங்கே ஒட்டவைத்துப் பார்க்கிறேன். பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்து. அறுகம்புல் தின்ற செம்மறியின் தொடையை வேகவைத்தும், இரும்புக் கம்பியில் கொழுந்துண்டுகளைச் சுட்டும் தருகிறார்கள். வாயில் சூடு பொறுக்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி ஒதுக்குகிறான் பொருநன். பகலும் இரவும் தின்று, கொல்லையை உழுத கொழு போலப் பல் மழுங்கிப்போகிறது. கொண்டாட்டமான இடம், ஆனால் முழுக்கத் தின்பவன் பக்கம். பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் கள் வடிக்கிறார்கள். அரிசிக் களியை வாயகன்ற தட்டில் ஆற்றுகிறார்கள். புற்றுக்குள் இருக்கும் கறையான் கூட்டைப் போலத் தோன்றுகிற ஒன்றை அதில் கலக்கிறார்கள். உரை அதை நெல்முளை என்று கொள்கிறது. பகலும் இரவும் இரண்டு முறை கழிய வைத்து, சாடியில் முதிரவிட்டு, வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். இதையே இன்று பியர்க்காரன் மால்ட் என்கிறான். தானியம் முளைக்கும்போது அதிலுள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக்கும். கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்கு நொதி தெரியாது. பாத்திரம் தெரிந்திருக்கிறது, நேரம் தெரிந்திருக்கிறது, விரல் தெரிந்திருக்கிறது.

இரண்டு பாட்டிலும் ‘பகலும் இரவும்’ வருகிறது. ஒன்றில் அது தின்கிறவனின் நேரம், மற்றதில் ஆக்குகிறவரின் நேரம். நம் உணவுக் கட்டுரைகள் அனைத்தும் பொருநன் வழியில் வந்தவை. வலைஞர் குடியிருப்பின் வழி அறுந்துபோச்சு.

முழுக்க அறுந்தது என்று சொல்லவும் முடியாது. ராஜபாளையத்திலிருந்து சுமார் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த ஊரின் ஒரு சமையல்கட்டு மிக நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் கிருஷ்ணதேவராயர், மொழி தெலுங்கு, நூல் ‘ஆமுக்தமால்யதா’, காலம் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஆண்டாள் கதை. அதில் பெரியாழ்வார், அதாவது விஷ்ணுசித்தர், வந்த அடியார்களுக்குப் பருவத்துக்கு ஒரு சாப்பாடு போடுகிறார். கோடையில் முதலில் சந்தனம், பிறகு வெதுவெதுப்பான சோறு, மெல்லிய சாறு, மாவடு, இளநீர், நீர்மோர். குளிரில் புதுநெல் சோறு, மிளகுப்பொடி மணக்கும் சுடுகறிகள், மூக்கில் ஏறும் கடுகுப் பச்சடி, உருகிய நெய், காய்ச்சிய பால். மழைக்காலத்துக்கு உரித்த பருப்பு, தாளித்த நாலைந்து காய்கறி, வடகம், வற்றல், தயிர், எல்லாம் நெய்யில் மிதக்க.

பட்டியல் யார் வேண்டுமானாலும் போடலாம். ராயர் கவி என்பது மழைக்காலப் பாட்டில் ஒரே ஒரு செய்தியில் தெரிந்துவிடுகிறது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற நாட்களில் மனைவியின் கண்ணில் புகை ஏறாமல் இருக்க அடுப்பில் தேங்காய்க் கூடு எரிகிறது. பேரரசர், போர்க்களங்களில் வாழ்ந்தவர், ஒரு பிராமண வீட்டு அடுப்படியில் ஈர விறகு என்ன செய்யும் என்று யோசித்திருக்கிறார். நம் அடுப்படி வாசல் பையனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

இந்த நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ராஜபாளையத்துக்காரர், மு. கு. ஜகந்நாத ராஜா. 1989இல் சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு இதற்குக் கிடைத்தது. தெலுங்கை வீட்டிலும் தமிழை வீதியிலும் பேசுகிற, கறிச்சமையலுக்குப் பேர்போன சமூகம் உள்ள ஊர்க்காரர், பக்கத்து ஊரின் நெய்ச்சோற்றைத் தெலுங்கிலிருந்து எடுத்துத் தமிழர்களுக்குப் பரிமாறினார். இலக்கிய வரலாற்றில் இது எவ்வளவு அழகான சுற்று! எனக்கு இதில் ஒரு ஆதங்கமும் உண்டு. பால் ஊருக்கு ஒரு கிருஷ்ணதேவராயர் கிடைத்தார். மார்கழி நோன்பில் நெய்யையும் பாலையும் விலக்கிவிட்டுக் கடைசியில் முழங்கை வழிய நெய் ஊற்றிக்கொள்ள ஆண்டாளே கிடைத்தாள். 2019இல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடும் வந்தாச்சு. கறி ஊருக்கு என்ன கிடைத்தது? நாய் மேல் ஒரு பெயர்.

கறி எழுதப்படாமல் போனதற்கு சாதி, ஆசாரம், பத்திரிகைக்காரர்களின் வயிறு என்று பல காரணம் சொல்வார்கள், எல்லாமே உண்மைதான். குடியும் ஒரு காரணம் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. கறி விருந்தின் பக்கத்தில் எப்போதும் சாடி இருந்தது. சாடியை எழுத முடியாமல் போனபோது விருந்தையும் முழுசாக எழுத முடியாமல் போச்சு. சங்கப் பாட்டில் கள் அரித்து விற்கிற பெண்கள் வருகிறார்கள், ‘வீட்டில் வடித்தது’ என்பது பெருமையாக வருகிறது. அந்த வடிக்கும் வேலை வீட்டை விட்டு எப்போதோ போய்விட்டது. 1987இல் தமிழ்நாட்டில் கள்ளிறக்குவது தடையானது. 1983இல் தொடங்கிய டாஸ்மாக் 2003இல் சில்லறைக் கடைகளையும் தன் கையில் எடுத்தது. இன்று குடி என்பது கம்பிக் கதவுக்குப் பின்னால் இருந்து நீட்டப்படும் பாட்டில். யார் வடித்தது, எந்தத் தானியம், எத்தனை நாள் எதுவும் தெரியாது. தெரிந்தவை விலையும் விளைவும் மட்டும்.

இப்போது மொட்டை மாடிக்கு வருகிறேன். நண்பரின் அம்மா சொன்னது இது: “எம் அடுப்புல அது ஏறக்கூடாதுப்பா. வேணும்னா மாடியில வச்சு என்னமும் பண்ணிக்கங்க. சட்டியும் எஞ்சட்டி வேண்டாம்.” பையன்கள் சிரித்தார்கள். ஆசாரம் என்றார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. அந்த அம்மா வாரம் இரண்டு நாள் கறி ஆக்குகிறவர், ஆட்டின் தலையைத் தானே வாட்டிச் சுத்தம் செய்கிறவர். அவருக்குத் தீட்டு என்று ஒன்றுமில்லை. அந்த பாட்டில் தெருவில் எத்தனை அடுப்பை அணைத்தது என்பதை அவர் பார்த்திருக்கிறார். பெல்ஜியத்தில் சமையலறைக்குள் இருந்து சட்டிக்குப் போன பொருள், இங்கே வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைந்த பொருள். சமையல் குறிப்பு இந்த வித்தியாசத்தைத் தாண்டிப் போக முடியாது. ‘அன்னியக் குறிப்பை உள்ளூராக்கினோம்’ என்று மகிழும் எழுத்துகளில் இந்த அம்மாவின் வாக்கியம் இடம்பெறாதவரை அவற்றை நான் முழுமையான எழுத்தாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அதே சமயம், பியர் வேண்டாம் என்ற அந்த அடுப்பில் என்ன நடக்கிறது என்றாவது எழுதலாமே. புரட்டாசி முழுக்கப் பெருமாளுக்காகப் பல வீடுகளில் கறி கிடையாது. கார்த்திகை பிறந்தால் சபரிமலை மாலை. நடுவில் மாட்டிக்கொண்ட ஐப்பசி ஒன்றுதான் கறிக்கென்று மிஞ்சிய மழை மாதம். அதனால்தான் தீபாவளிக் காலையில் இட்லிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. கறிக்கடை வாசலில் இருட்டோடு கூட்டம் நிற்பது எண்ணெய்க் குளியலுக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் மஞ்சளும் உப்பும் போட்டுக் கோர்த்துக் காயவைத்த உப்புக்கண்டம் வெளியே வருவதும் இந்த மழையில்தான். வெயிலை எடுத்துவைத்து மழையில் தின்பது என்ற ஏற்பாடு அது. ராயரின் வற்றலும் வடகமும் செய்கிற அதே வேலை, கறியில். அதை ஊறவைக்க எவ்வளவு நேரம், எத்தனை தண்ணீர் மாற்றினால் உப்பு இறங்கும், இடிக்கும்போது அம்மியா உரலா என்று ஒவ்வொன்றிலும் வீட்டுக்கு வீடு சண்டை உண்டு. நெஞ்செலும்பு சாற்றுக்கு மிளகைத் தட்டிப் போடுவதா அரைத்துப் போடுவதா என்பதில் சம்பந்திகள் பேசாமல் போனதுண்டு. இது போதாதா ஒரு எழுத்தாளனுக்கு?

பியரையும் ஒரேயடியாகத் தள்ள நான் தயாராக இல்லை. ரசனை அளவில் பார்த்தால் தப்பு பியரில் இல்லை, புளியில்தான். இரண்டு புளிப்புக்கும் ஒரே சட்டியில் இடமில்லை. ஹாப்ஸ் அடங்கிய, முளைதானியம் தூக்கிய கறுப்பு பியராகப் பார்த்து, புளியையும் தக்காளியையும் விட்டு, மிளகும் சின்ன வெங்காயமும் கொஞ்சம் கருப்பட்டியுமாக நெஞ்செலும்பை மூன்று மணி நேரம் விட்டால் சட்டி ஒத்துக்கொள்ளக்கூடும். சாராயச் சத்து முழுக்கப் போய்விடும் என்று பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போடுகிறவர்கள் கவனிக்கவும்: முழுக்கப் போவதில்லை. இதை அடுத்த ஐப்பசிக்கு யாராவது செய்து பார்த்து எழுதினால் படிப்பேன். எத்தனை விசில், யார் அடுப்பு, ஈரம் ஏறிய விறகா கேஸா, சட்டியைக் கழுவினது யார் என்பது வரை எழுத வேண்டும்.