பெயர்ப் பலகைகளில் வல்லொற்று

மருந்து விற்கும் இடத்தைப் பேச்சில் ‘மருந்துக்கடை’ என்றே மக்கள் வழங்குகின்றனர். பலகைகளிலோ ‘மருந்து கடை’ எனப் பலவிடத்தும் எழுதப்பெறுகின்றது. ஒற்று மிகாதவிடத்து இத்தொடர் இரண்டாம் வேற்றுமைத் தொகையாகி, மருந்தைக் கடை என்னும் ஏவற்பொருளுக்கும் இடந்தரும். ‘கீரை கடை’ என்பதும் அத்தகையதே. கீரை உண்மையிலேயே கடையப்படுவதாதலின் ஆண்டு மயக்கம் மிகுகின்றது.

சூழலே பொருளை உணர்த்துமாதலின் இதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை என்பாருமுளர். வாங்க வருவோர் மயங்கார் என்பது உண்மையே. ஆயின் பெங்களூரு, மும்பைத் தாராவி போன்ற பகுதிகளில் தமிழ்வழிக் கல்வி வாய்க்காத சிறார்க்குத் தெருப்பலகையே தமிழ் ஏடாக அமைதல் கூடும். அன்னார் கண்டு கற்கும் வடிவம், வீட்டில் கேட்ட வடிவத்தோடு முரணுகின்றது.

இப்பிழை இலக்கணம் அறியாமையால் மட்டும் நேர்வதன்று. இலக்கணம் பயிலாதாரும் ‘டீக்கடை’ எனப் பிறமொழிச் சொல்லை அடுத்தும் ஒற்றினைப் பிறழாது ஒலிக்கின்றனர். ஒரு சொல்லாய் இயங்கும் தொகையை இடைவெளி விட்டோ வரி மாற்றியோ பிரித்தெழுதுங்கால் ஒற்று இடமின்றி வீழ்கின்றது. ஆகவே, திருத்தம் நூற்பாவை மனனம் செய்வதில் இல்லை. தொகையைச் சேர்த்தெழுதுவதிலும், எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பதிலுமே உள்ளது.