‘தளபதி’யில் ஒளியும் பிறப்பும்: கர்ணன் கதை மறுஆக்கம் குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

மணிரத்னம் எழுதி இயக்க, ஜி. வெங்கடேஸ்வரன் தயாரிப்பில் 1991ஆம் ஆண்டு தீபாவளியன்று வெளிவந்த திரைப்படம் ‘தளபதி’. கர்ணன் - துரியோதனன் நட்பைச் சமகாலக் குற்றவுலகில் நிறுத்திய படம் என்றே இது பெரிதும் பேசப்படுகிறது. சூர்யாவின் (ரஜினிகாந்த்) தகுதிக்கு ஊற்று நட்பா, பிறப்பா என்னும் வினாவிற்குப் படத்தின் உரையாடலும் காட்சியமைப்பும் வெவ்வேறு விடை தருகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இழிவின் இடமாற்றம்

பாரதத்தில் கர்ணன் எதிர்கொள்ளும் இழிவு குலம் சார்ந்தது; தேரோட்டியின் மகன் என்பதே அவன்மீதான ஏளனம். ‘தளபதி’யில் அது பெற்றோர் அறியா நிலையாக மாறுகிறது. போகி நாளில் பதினான்கு வயதுக் கல்யாணி ஈன்ற குழந்தை, ஓடும் சரக்கு ரயிலில் விடப்படுகிறது. சாதிசார் இழிவு விலகி அநாதைத் துயர் முன்னிற்கும்போது, தாய் கிடைத்தால் தீர்ந்துவிடும் தனிமனிதச் சிக்கலாகக் கதை சுருங்குகிறது. ‘நாயகன்’ (1987) படத்தோடு ஒப்பிட இது தெளிவாகும். அங்கே வேலுவின் தந்தை தொழிற்சங்கத் தலைவர், காவல்துறையால் கொல்லப்படுபவர். மகனின் குற்ற வாழ்வுக்கு அரச வன்முறையில் வேர் உண்டு. சூர்யாவின் தந்தையையோ படம் காட்டுவதே இல்லை.

தந்தையின் இடத்தில் ஒளி

அவ்வெற்றிடத்தை ஒளி நிரப்புகிறது. சந்தோஷ் சிவனுக்கு இதுவே முதல் தமிழ்ப்படம். கருப்பு-வெள்ளையில் அமைந்த தொடக்கத்தை அடுத்து, சூர்யாவின் முதன்மைத் தருணங்களில் கதிரவன் அவன் பின்னணியில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. பாத்திரத்தின் பெயரும் அதற்குத் துணைநிற்கிறது. துரியோதனன் அங்கநாட்டு முடி சூட்டியதுபோல் தேவராஜ் (மம்மூட்டி) தளபதி என்னும் தகுதியை அளிக்கிறான். ஆனால் அவன் அளிப்பதற்கு முன்பே இவன் உயர்பிறப்பினன் என்பதைப் படிமம் பார்வையாளருக்கு உணர்த்திவிடுகிறது. தகுதியை நட்பு தந்தது என்கிறது உரையாடல். பிறப்பு தந்தது என்கிறது ஒளி.

முடிவின் அரசியல்

கிருஷ்ணமூர்த்தி பிறப்பு உண்மையை வெளிப்படுத்திய பின்னும் சூர்யா தேவராஜை விட்டு நீங்குவதில்லை. மாவட்ட ஆட்சியர் அர்ஜுன் தன் தம்பி என்று அறிந்தபோதும் நட்பின் பக்கமே நிற்கிறான். பிறப்பை நட்பு விஞ்சும் இக்கட்டமே படத்தின் அறவுச்சம். எனினும் முடிவு அதனைத் தலைகீழாக்குகிறது. பாரதத்திலும், பி. ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ (1964) படத்திலும் கர்ணன் மடிகிறான். இங்கே கலிவர்தனின் ஆட்களால் தேவராஜ் மடிய, சூர்யா தாயோடு எஞ்சுகிறான். நட்சத்திர நாயகனை உயிரோடு காக்கும் வணிகத் தேவையாக மட்டும் இதனைக் கொள்ள இயலாது. நண்பன் நீங்கிய இடத்தில் தாய் வந்து அமைவதால், நட்பு அளித்த அடையாளத்தைப் பிறப்பு அளித்த அடையாளம் இடம்பெயர்க்கிறது.

முடிவுரை

குலத்தால் இகழப்பட்டவனின் கதை, மறைந்திருந்த உயர்பிறப்பு வெளிப்படும் கதையாக மாறியிருப்பதே இம்மறுஆக்கத்தின் அடிப்படைச் சிக்கல். உண்மையிலேயே உயர்பிறப்பு இல்லாத ஒருவனுக்கு இவ்வொளி கிட்டியிருக்குமா என்னும் வினாவிற்குப் படத்தில் இடமில்லை. ‘தளபதி’யின் ஒளிப்பதிவை அழகியல் சாதனையாக மட்டும் போற்றும் வாசிப்புகள் இவ்வினாவையும் எதிர்கொள்ள வேண்டும்.